பிடுங்காமல் நின்ற ஊதாப்பூ

அன்புள்ள அம்மாவுக்கு,

மதிவதனி எழுதுகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து முப்பது பேர் ஒரு சதுப்பு நிலத்தில் களை எடுக்கப் போனோம். எங்கிருந்தோ வந்த ஒரு ஊதாப்பூச் செடி இங்கே அமெரிக்காவில் நீர்நிலைகளை அடைத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு மூலையில் எங்களில் சிலர் பிடுங்கத் தொடங்கிய செடி வேறு. பூ அதே ஊதாதான். களையின் இலை வழவழப்பு; இதன் இலை மட்டும் சொரசொரப்பாக, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருந்தது. அது இந்த மண்ணின் சொந்தச் செடி என்று பிறகு பேராசிரியர் சொன்னார். பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. "அத்த புடுங்காதீங்க, அது களை இல்ல" என்று நம் ஊர்த் தமிழில் கத்திவிட்டேன். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பேராசிரியர் வந்து இலையைத் தடவிப் பார்த்தார். அந்தச் சதுப்பில் அந்தச் செடி மிஞ்சியிருந்தது அந்த ஒரு திட்டில்தானாம். "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார்.

யார் கேட்டாலும் வீட்டில் விவசாயம் என்று சொல்லித் தப்பித்துவந்தவள் நான். அன்று எல்லோர் முன்னாலும், "என் அம்மா ஆரணிப் பக்கம் கூலிக்குக் களை எடுக்கிறார். லீவு நாளில் நானும் கூடப் போவேன்" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை அம்மா.

களை எடுக்கும்போது நீங்களெல்லாம் பாடுவதைத் தங்கச்சி அமலாவிடம் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல். இங்கே வேலை செய்யும்போது யாரும் பாடுவதில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
மதி