ஆர்லட்டம்மா வீதி

2024 பெப்ரவரி 11, ஞாயிறு
எனக்கு எழுதத் தெரியாது. குவைத்தில் இருக்கும் மகள் பூரணி அனுப்பிய போன், நான் பேசுவதை எழுதிக்கொள்கிறது.

இன்று மழை. முட்டி வலி. புது வீட்டுத் திட்டக் கூட்டத்தில், எங்கள் ஒன்பது வீட்டு வீதிக்கு என் அம்மாவின் பெயரை வைப்பதென்று முடிவானது. ஆர்லட்டம்மா வீதி! தலைவர் விஜிதரன் மூன்று மொழியிலும் பலகை அடிக்கிறார். திறந்துவைக்க அரசியல்வாதி ஒருவர் வருகிறாராம். எண்பது வயதில் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 14
அம்மாவுக்கு ஆர்லட்டு என்ற பட்டம் வந்த கதையை மேடையில் சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பார்க்கிறேன்.

1951, ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு ஏழு வயது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை கூடைக்கு நாலு றாத்தல் குறைத்து எழுதினான். அம்மா கூடையைத் தூக்கி வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸ் மேல் கவிழ்த்தாள். துரை முகம் சிவந்து, "ஹார்லட்!" என்று கத்தினான். துரை பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்லும் கங்காணி வேர்த்துப்போய் எங்கள் பக்கம் திரும்பி, "நீ பெரிய துணிச்சக்காரியாம். தொர ஒனக்கு பட்டம் குடுக்குறாரு" என்றார். எல்லோரும் கைதட்டினோம். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஏசினால் கைதட்டும் கூட்டத்தை அவன் கண்டதில்லை போல. பங்களாவுக்குப் போய்விட்டான். மறுநாளிலிருந்து எடை சரியாக வந்தது.

வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும் செக்ரோல் புத்தகத்திலும் கிளார்க் அந்தப் பட்டத்தையே எழுதினான். எழுதும்போது சிரித்தான்.

பெப்ரவரி 18
பலகையின் இங்கிலீஷ் வரியைச் சரிபார்க்கச் சொன்னார் விஜிதரன். வட்டவளையில் கடை வைத்திருக்கும் முனாப்பின் மகள் ஜிப்ரியா இங்கிலீஷ் டீச்சர். அவளிடம் கொண்டுபோனேன். படித்துப் பார்த்தவள் என்னை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தாத்தா. இது ஒடம்ப வித்துப் பொழைக்கிற பொம்பளய ஏசுற வார்த்த."

"யாரு சொன்னது?"

"டிக்ஷனரி."

"அவனுக்கு எங்கம்மாவத் தெரியுமா?"

பெப்ரவரி 19
இங்கிலீஷ் வரி எழுதிய தாளை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன்.

பெப்ரவரி 21
கங்காணிக்குத் தெரிஞ்சிருக்கும். கிளார்க்குக்கும் தெரிஞ்சிருக்கும். எங்கம்மா சாவுற வரைக்கும் அதை நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சாளே — கோயில் கல்லுல கூட வெட்டிப்புட்டோமே!

உண்மைப் பெயரைப் போட்டுவிடலாம் என்கிறார் விஜிதரன். அது என்ன? துரையின் நாய்க்கு டாபி என்று பெயர். கங்காணியின் மூன்று மாடுகளின் பெயரும் தெரியும். அம்மாவின் பெயர் தெரியவில்லை. அப்பா "ஏ புள்ள" என்பார். நான் அம்மா என்பேன். அம்மாவை அறிந்தவர்களில் மிஞ்சியிருக்கும் முனாப்பின் தாய் ஹவ்வா உம்மாவுக்குத் தொண்ணூறு வயது. அவரிடம் போய்க் கேட்டேன்.

"அவ பேரா? இது தெரியாதா ஒனக்கு? ஆர்லட்டு!"

பெப்ரவரி 24
ஜிப்ரியா மேலும் தேடியிருக்கிறாள். ஆதியில் அந்த வார்த்தை ஆணைக் குறித்ததாம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிலீஷுக்கு வந்ததாம். வீடு வாசலில்லாமல் ஊர் சுற்றுகிறவன், போக்கிரி. பெண் மேல் விழுந்தது பிறகுதானாம்.

"ஆம்பளைக்கு வச்சத எதுக்குப் பொம்பள தலையில ஏத்துனாங்க?"

"சொமைன்னா அங்கதானே தாத்தா ஏத்துவாங்க."

ஹட்டன் ஸ்டேஷன் பக்கம் அந்தத் தொழிலில் ஒருத்தி இருந்தாள். 1963-இல் காய்ச்சலில் நான் அங்கே விழுந்தபோது, தூக்கி உட்காரவைத்துப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். அவளை ஏச ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். நாலு றாத்தல் திருடியவனுக்கு என்ன வார்த்தை? ஜிப்ரியாவிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 2
கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே சத்தம்.

"வேலைக்கு அப்ளிகேசன் போடுற புள்ளைங்க இந்த விலாசத்த எழுதணுமேங்க!" என்றார் விஜிதரன்.

ஏழாம் வீட்டு நாகலெட்சுமி கொழுந்து பறிப்பவள். எழுந்து நின்றாள். "தொர ஒரு தடவ வஞ்சான். நாம எழுவது வருசமா மரியாதையா கூப்புட்டோம். எது செல்லும்?"

என்னைப் பார்த்தார்கள்.

"அந்த ஏச்ச வாங்கித்தான் ஒங்க பாட்டிமாருக்கு எட சரியா வந்துச்சு. அதையும் எடுத்துட்டா எங்கம்மாவுக்கு ஒண்ணும் மிஞ்சாது. இருக்கட்டும்" என்றேன்.

ஐந்து வீடு சரி. நாலு வீடு வேண்டாம். விஜிதரன் அந்த நாலில் ஒருவர். ஆனாலும் பலகைக்குப் பெயின்ட் அவர்தான் வாங்கினார்.

மார்ச் 10, ஞாயிறு
அரசியல்வாதிக்குத் திடீர்க் காய்ச்சலாம். அவருடைய செயலாளருக்கு இங்கிலீஷ் தெரியும் போல. நாகலெட்சுமிதான் பலகையின் திரையை இழுத்தாள். புதுச் சட்டை அக்குளில் பிடிக்கிறது.

ஏப்ரல் 23
பலகைக்குக் கீழேதான் இன்று கொழுந்து நிறுத்தார்கள். தன் கூடைக்கு இரண்டு கிலோ குறைத்துப் போட்டதாகச் சொல்லி நாகலெட்சுமி தராசைவிட்டு நகர மாட்டேன் என்றாள். சுப்பவைசர் அவளை ஒரு வார்த்தை சொன்னான். தமிழ் வார்த்தை, டிக்ஷனரி தேவையில்லை.

வரிசையில் பின்னால் இருந்து ஒருத்தி கத்தினாள்:

"அடியே, ஒனக்கும் பட்டம் வந்திருச்சுடி! அடுத்த வீதி ஒனக்குத்தான்!"

பெண்கள் சிரித்த சிரிப்பு மேல் லயத்து வீடுகள் வரை கேட்டிருக்கும். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சுப்பவைசர் பலகையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

கொழுந்தை மறுபடி நிறுத்தான்.