வீட்டுக்காரருக்குச் சிவப்பு அட்டை

மார்ச் 2, ஞாயிறு

இன்று கட்டின புருஷனை மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பினேன்.

எங்களுடையது சின்னக் கால்பந்து லீக். வேறு நடுவர் கிடைக்காததால் இவர் ஆடும் ஆட்டத்துக்கும் நான்தான் விசில். வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திப்போய் வெளியே விடுகிற மனிதர். பூட்ஸ் மாட்டினால் வேறு ஆள். சும்மாவா ‘ரம்பம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்? எதிரணித் தபால்காரர் பந்தோடு வந்தார். இவர் இரண்டு காலையும் தூக்கி, பூட்ஸின் அடிப்பக்கம் தெரியச் சறுக்கிப் போய் அவர் கணுக்காலில் இறங்கினார். நான் யோசிக்கவே இல்லை. சிவப்பு.

"அடியே, நான் பந்தைத்தான் தொட்டேன்!"

"நடுவரை அடியேன்னு கூப்பிட்டா அதுக்கும் ஒரு அட்டை இருக்கு. வெளியே போங்க."

ஒரே காரில்தான் திரும்பினோம். ரேடியோ மட்டும் பேசியது.

மார்ச் 3, திங்கள்

பேசவில்லை. சாவி எங்கே என்று அத்தை வழியாகக் கேட்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

இறுதி ஆட்டம் உட்பட மூன்று ஆட்டம் தடை என்று லீக் குழு சொல்லிவிட்டது. மேல்முறையீடு செய்யப் போகிறாராம்.

அத்தை கூடத்திலேயே விசாரணை வைத்தார். சோபா தலையணைதான் தபால்காரர். "எங்க, எப்படி விழுந்தேன்னு காட்டு." பாதி வேகத்தில்தான் காட்டினார். தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது.

"முதல்ல பந்துலதாம்மா பட்டுச்சு."

"முதல்ல கதவைத் தட்டிட்டு அப்புறம் வீட்டை இடிச்சா சரியாயிடுமாடா?"

நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 6, வியாழன்

தபால்காரர் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழங்களோடு இவர் கிளம்பினார். ‘பெரிய அடி ஒன்றுமில்லை’ என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தால் தடை குறையுமாம். குழு என் முடிவை மாற்றிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் என் விசிலை எவன் மதிப்பான்? நாய்கூடத் திரும்பாது. நடுவர் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? — மாட்டேன். அது சிவப்புதான்.

போனவர் இருட்டின பிறகுதான் வந்தார். சட்டைத் தோளில் குழந்தை கக்கின பால்.

"எலும்புல விரிசலாம். மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. கைக்குழந்தை ரெண்டு, இரட்டை. அந்தம்மா வேலைக்குப் போயிட்டாங்க. மனுஷன் ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. என்னைத் திட்டவே இல்லடி. ‘ஒண்ணைப் பிடிங்க, நான் இன்னொண்ணைப் பாக்குறேன்’னு கையில குடுத்துட்டாரு."

"மேல்முறையீடு?"

"அதைக் கேக்க வாயே வரல."

என்னிடம் நேராகப் பேசிவிட்டார் என்பதை அவரே கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போகிறார். நன்றாகவே தாலாட்டுகிறாராம். இந்த வீட்டில் அப்படி ஒரு குரல் கேட்டதே இல்லை.

இப்போது புதுச் சண்டை. இவர்தான் ஆரம்பித்தார். "அடிபட்டவன் எத்தனை நாள் உட்கார்றானோ, அடிச்சவனும் அத்தனை நாள் உட்காரணும். அதுதான் சட்டமா வரணும்."

"அதே மாதிரி பாய்ஞ்சு, அவன் நல்ல நேரம், ஒண்ணும் ஆகலைன்னா? அடுத்த வாரமே ஆடலாமா? பாய்ஞ்சதுக்குத்தான் தண்டனை. உடைஞ்சதுக்கு இல்ல."

முறைத்தார். ஆனால் உடைத்தவனுக்கும், தப்பித்தவறி உடைக்காதவனுக்கும் ஒரே தண்டனை என்றால், மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் என்ன பதில் சொல்வது? தெரியவில்லை. இதை இவரிடம் சொல்லவா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இறுதி ஆட்டம். இவர் அணியின் பேக்கரிக்காரர் தாமதமாகக் கால் நீட்டி ஒருவரைத் தடுக்கிவிட்டார். கால் தரையில்தான் இருந்தது, வேகமும் இல்லை. மஞ்சள் காட்டினேன்.

"சிவப்பு! சிவப்புக் குடு!"

கோட்டுக்கு வெளியே பெஞ்சிலிருந்து ஒற்றைக் குரல். இவர்தான். தோளில் ஒரு குழந்தை. சொந்த அணியே திரும்பிப் பார்த்துப் பல்லைக் கடித்தது. மாவுக்கட்டுக் காலோடு பக்கத்தில் இருந்த தபால்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுங்க அண்ணே, அது மஞ்சள்தான்."

விடவில்லை. கடைசி விசில்வரை கத்தினார்.

மார்ச் 17, திங்கள்

இவர் மறுபடியும் என்னோடு பேசவில்லை. மஞ்சள் காட்டினதுக்காம்.