ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னவனுக்கு

இன்று காலை ஒரு வீட்டில் ரூட்டரின் அடாப்டரைக் கழற்றினேன். ரூட்டரில் செருகும் அதன் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக் காற்று செய்கிற வேலை. பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. செத்தவனை ஏசக் கூடாதாம். உன் முப்பதாம் நாளில் எல்லாரும் உன்னைத் தங்கம் என்றார்கள். நான் சொல்லவில்லை. இப்போது ஏசிக்கொள்கிறேன், கேள்.

நீ ராமநாதபுரம் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுப்பவன். நான் பைக்கில் வீடு வீடாகப் போய் நெட் கோளாறு பார்ப்பவன். எட்டு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். உன் பேச்சில் தேன் ஒழுகும், அதை மறுக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா, ஆஃப் பண்ணுங்க. பின்னால உள்ள வயரைக் கழட்டி, பத்து எண்ணிட்டு மாட்டுங்க. லைட்டு எரியுதா? அவ்வளவுதான்." எரியும். உடனே புகார் முடிந்தது என்று தட்டிவிடுவாய். ஒரு புகார்கூட நிலுவையில் வைக்காதவன் என்று மேனேஜர் உன்னைத்தான் மெச்சுவார்.

சாயல்குடிக்குத் தெற்கே ஒரு மிளகாய் விவசாயி வீடு. மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். கவுன்சலிங்கில் கல்லூரிப் பட்டியல் போட அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. செல்போனில் பேச்சு கேட்கும், நெட் சுற்றிக்கொண்டே நிற்கும் ஊர் அது. வீட்டு ரூட்டரை நம்பித்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அது வருவதும் போவதுமாக இருக்க, அப்பாக்காரர் உனக்கு ஐந்து தடவை போன் போட்டார். ஐந்து தடவையும் கழட்டி மாட்டச் சொன்னாய். நாலாவது தடவை அவர், "நான் பிள்ளைய வண்டில வச்சு சாயல்குடி நெட் சென்டருக்குக் கூட்டிட்டுப் போறேன் தம்பி" என்றிருக்கிறார். நீ என்ன சொன்னாய்? "எதுக்குய்யா வெயில்ல அலையுறீங்க, இந்தா வந்துரும்."

அன்று மத்தியானம் நான் சாயல்குடியில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பையில் புது அடாப்டர் மூன்று கிடந்தது. "இங்கன ஏதும் புகார் இருக்கா?" என்று உன்னிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லலே, எல்லாம் முடிச்சாச்சு, வா" என்றாய்.

மறுநாள்தான் அந்தப் புகார் என் கைக்கு வந்தது, போய் அடாப்டரை மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் பட்டியல் போடும் நேரம் முந்தின நாளே முடிந்துபோயிருந்தது. அந்தப் பிள்ளை ரூட்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து உன் சட்டையைப் பிடித்தேன். "அடாப்டர் பின்னுல களிம்புன்னு உனக்குத் தெரியாதாலே?"

"தெரியும்லே. கழட்டி மாட்டுனா உரசிக் கொஞ்ச நேரம் எரியும். அதுக்குள்ள நம்ம புகாரு முடிஞ்சிரும்ல" என்று சிரித்தாய். பிறகுதான் அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஆனால் ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்க உனக்கு வாய் வரவில்லை. மூன்றே மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். தப்பித்தாய், போ.

உன் முப்பதாம் நாளுக்கு அந்த அப்பாக்காரர் பரமக்குடியில் உன் வீட்டுக்கு பஸ் ஏறி வந்தார், கையில் மாலையோடு. உன் படத்துக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "அந்தத் தம்பி அஞ்சு தடவையும் எம்புட்டுப் பொறுமையாப் பேசுச்சு. வண்டி வச்சிருக்க நீங்கதான் எட்டிப் பாக்கல" என்றார். உன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் அவரைப் பந்திக்குக் கூட்டிப்போனேன்.

அந்த வீட்டிலிருந்து புகார் வந்தால் இப்போதும் நான்தான் போகிறேன். அவர் கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கிடையாது. போன வாரம் போனபோது மகள் மிளகாய் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நான் வயரைச் சோதிப்பதைச் சற்று நேரம் பார்த்தாள்.

"அந்த அண்ணன் இருந்திருந்தா போன்லயே சரி பண்ணிருப்பாரு" என்றாள்.

ஆமாம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன், பாவிப் பயலே.