முன் சக்கர பிரேக்கும் கச்சேரி ரோடு சிலிண்டரும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே கொளுத்தும் வெயில். கிண்டியில் ஆக்சிஜன் நிரப்பும் இடத்தில் நீண்ட வரிசை. வீட்டு நோயாளிகளுக்கான பதினொரு சிலிண்டர் ஏற்றி வெளியே வரும்போது பத்தரை.

பிக்கப் முன்பக்கம் கத்துகிறது. இரும்பும் இரும்பும் உரசும் சத்தம். டிரைவர் தனசேகர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது நான். இன்று சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட வாசலில் அவன் பிரேக் போட்டதும் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ரிக்‌ஷாவில் இருந்த இரண்டு சிறுமிகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

"இனிமே தாங்காது சார். ஒரு பக்கமா இஸ்துகினு போவுது. யார் மேலயாவது ஏறுச்சுன்னா உள்ள போறது நான்தான்."

மண்டைவெளியில் மெக்கானிக் லாசர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். பிரேக் பேடில் ஒன்றுமே மிச்சமில்லை, வெறும் தகடு. டிஸ்க் முழுக்க வரிவரியாகப் பள்ளம். வண்டி அங்கேயே நிற்கட்டும் என்றான்.

வாங்க வேண்டியது:
முன் பிரேக் பேட், ஒரு செட்
டிஸ்க் (லாசர் மாற்றச் சொல்கிறான். கடைசல் போட்டால் போதாதா?)
காலிப்பருக்கு (பேடைப் பிடித்திருக்கும் பாகம்) ரப்பர் சீல்
பிரேக் ஆயில்
வசந்தாவுக்கு இருமல் மருந்து

மருந்து மட்டும் வாங்கினேன்.

ஜூலை 9, புதன்

ஜி.பி. ரோடு. வண்டி சாமான் கடைகள் அங்கேதான். கிளம்பும்போது தனசேகர் பழைய பேடைப் பேப்பரில் சுற்றி நீட்டினான்.

"இத்த எடுத்துகினு போ சார். காட்டி வாங்கு."

ஆர்.சி. புக் இருக்கும்போது அழுக்குத் தகடு எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்காரர் ஆர்.சி. புக்கில் வருஷத்தைப் பார்த்தார். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று ஒரிஜினல், இன்னொன்று வேறு கம்பெனி, மூன்றாவது பழைய தகட்டில் புது லைனிங் ஒட்டியது. எது நல்லது என்றேன். "எல்லாமே நல்லதுதான் சார், உங்க இஷ்டம்." இது ஒரு பதிலா? நடுவில் இருந்ததை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

திரும்பும்போது மழை. பஸ் இல்லை. நனைந்துகொண்டே மண்டைவெளி. லாசர் பேடைக் காலிப்பரில் வைத்துப் பார்த்தான், திருப்பி வைத்துப் பார்த்தான், கீழே வைத்துவிட்டான். பேடின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காது பெரிதாம். உள்ளே போகவில்லை.

மறுபடி ஜி.பி. ரோடு. "பெட்டி பிரிச்சுட்டீங்களே சார். எடுத்துக்க மாட்டோம்."

பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது? கேட்டேன். அவர் அதற்குள் அடுத்த ஆளிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

மா. 6 மணிக்குக் கச்சேரி ரோடு மாமி போன். அவர் வீட்டு மாமா ரிடையர்டு கணக்கு வாத்தியார். நுரையீரல் கெட்டுப்போய் ஏழு மாதமாக ஆக்சிஜனில் இருக்கிறார். மூன்று நாளைக்கு ஒரு சிலிண்டர்.

"ஆத்துல இருக்கற சிலிண்டர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் வரும். மறந்துடாதேள்."

"காலைல ஒன்பது மணிக்கே வந்துடும் மாமி."

ஜூலை 10, வியாழன்

இன்று முறை வரும் மற்ற வீடுகளுக்கு வாடகை டெம்போவில் அனுப்பினேன். டெம்போக்காரர் நாளைக்கு வரமாட்டாராம். மச்சினிக்குக் கல்யாணமாம்.

இன்று நான்கு கடை ஏறினேன்.

முதல் கடை: "இந்த வருஷத்து வண்டிக்கு முன்னாடி டிரம் பிரேக்தான் சார். டிஸ்க்கே கிடையாது." என் கண்ணால் பார்த்தேன் என்றேன். "புஸ்தகத்துல இல்லையே" என்றார்.

இரண்டாவது: டிஸ்க் உண்டு, வருஷக் கடைசியில்தான் வந்தது.

மூன்றாவது: ஆள் சாப்பிடப் போயிருக்கிறார். முக்கால் மணி காத்திருந்தேன். வந்து, ஸ்டாக் இல்லை என்றார்.

நான்காவது: நேற்று வாங்கிய அதே பேடை, வேறு பெட்டியில் கொடுக்கப் பார்த்தார்கள்.

கால் வலி. பசி. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். தி. நகரில் இறங்கி ஒரு காபி குடித்தேன், அதுவும் ஆறியிருந்தது.

மா. 4 மணிக்கு லாசரிடம் போய் ஏதாவது வழி பண்ணு என்றேன். தலையைச் சொறிந்தான்.

"அரம் போட்டுக் காதைத் தேச்சா உக்காந்துக்கும் சார். ரெண்டு நாள் ஓட்டலாம். அப்புறமா சரியானத வாங்கி மாட்டிக்கலாம்."

சரி என்றேன். தேய்த்தான். உட்கார்ந்தது. டிஸ்க்கையும் மாற்றவில்லை. தனசேகர் குனிந்து விரலால் பேடை ஆட்டிப் பார்த்தான். ஆடியது.

"சார், அரம் போட்ட பேடுல ஆக்சிஜன் ஏத்திகினு நான் போவமாட்டேன்."

"லாசர் சொல்றான் இல்ல?"

"லாசரா வண்டிய ஓட்டப் போறாரு?"

லாசர் முன்னால் இப்படிப் பேசியதுதான் எனக்குச் சுட்டது. ஒரு மாதமாகப் பிரேக் மேலேயே காலை வைத்து ஓட்டித்தான் பேடைத் தின்றாய் என்று கத்தினேன். அது உண்மையில்லை. சொல்லும்போதே தெரியும். ஓட்ட இஷ்டமில்லை என்றால் வீட்டுக்குப் போ என்றேன்.

சாவியை பானெட் மேல் வைத்தான். போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். "அவர் சொன்னதுல என்னங்க தப்பு?" என்று கேட்டாள். எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நானே ஓட்டினேன். கிண்டியில் ஏற்ற ஆள் கிடைக்கவில்லை. நானும் வாட்ச்மேனும் ஆறு சிலிண்டர் ஏற்றிக் கட்டினோம். கிளம்பும்போதே பத்து. ஒன்பதுக்கு வருகிறேன் என்று சொன்ன மனுஷன்.

சைதாப்பேட்டைப் பக்கம் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பார்த்தாயா தனசேகர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கோட்டூர்புரம் பாலம் இறங்கும்போது முன்னால் ஒரு பஸ் நின்றது. மிதித்தேன். இடப்பக்கச் சக்கரம் மட்டும் கவ்விக்கொண்டது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது. வண்டி பிளாட்பாரம் ஏறி இளநீர்க் குவியல் மேல் போய் நின்றது. கடைக்கார அம்மா காய் எடுக்க அந்தப் பக்கம் நகர்ந்திருந்ததால் தப்பினாள். கையில் அரிவாளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

பின்னால் ஒரு சிலிண்டர் கட்டு அவிழ்ந்து உருண்டு கிடந்தது. கூட்டம். ஒருவன் "கேஸ் கீதுபா, தள்ளு தள்ளு" என்று கத்தினான்.

தனசேகர் குடியிருப்பது ஆற்றோரம், கூப்பிடு தூரம். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடிவந்தான். என்னிடம் பேசவில்லை. வண்டி மேல் ஏறி ஒவ்வொரு சிலிண்டர் வால்வாகத் தொட்டுப் பார்த்தான். எதுவும் கசியவில்லை. அப்புறம்தான் திரும்பினான்.

"கச்சேரி ரோடு போயிருச்சா?"

"இல்ல."

"மணி இன்னா?"

"பத்து அம்பது."

பக்கத்தில் ஒரு மீன்பாடி வண்டிக்காரரைக் கெஞ்சி அந்த மூன்று சக்கரத்தில் ஒரு சிலிண்டரைப் படுக்கப் போட்டுக் கட்டினான். அவன் மிதிக்க, வண்டிக்காரர் பின்னால் தள்ள, வெயிலில் போனார்கள். போலீஸ்காரர் வரும்வரை என்னால் நகர முடியாது. எதிரே டெலிபோன் பூத்தில் மாமி வீட்டுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஐந்து தடவை.

தனசேகர் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்ததாம். காலையில் மூச்சு முட்டியதால் மாமாவுக்கு ஆக்சிஜன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். மத்தியானம் வரை வரவேண்டியது பத்தரைக்கே தீர்ந்துவிட்டது. மாமியும் கீழ்வீட்டுக்காரரும் அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு நர்சிங் ஹோம்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனபின் வண்டியைக் கட்டி இழுத்து லாசரிடம் விட்டேன். மாமா உயிருக்கு ஆபத்தில்லை என்று மா. 5 மணிக்குத் தெரிந்தது. அதுவரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

நர்சிங் ஹோம் போனேன். மாமா தூங்குகிறார், முகத்தில் மாஸ்க். மாமி பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். "காபி குடிக்கறேளா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அங்கிருந்து நேராகக் கோட்டூர்புரம். தனசேகர் குழாயடியில் வரிசையில் குடத்தோடு நின்றான். அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"பேடு தேஞ்சதுக்கு நீ காரணமில்லன்னு எனக்குத் தெரியும். அன்னைக்குக் கோவத்துல சொன்னது. தப்பு."

"தெரியும்னா அப்ப ஏன் சார் சொன்ன?"

குடம் நிரம்பும்வரை காத்திருந்தேன். அவன் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை காலிப்பரயே கழட்டி எடுத்துகினு புதுப்பேட்டை போவலாம்" என்றான்.

இளநீர் அம்மாவுக்கு வயிற்றுப்போக்காம், பயத்தில். அவள் வீட்டையும் தனசேகரே காட்டினான். போய்ப் பார்த்தேன். "சாமி, இனிமே அந்தப் பக்கமா ஓட்டாத" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். கோணிப்பையில் காலிப்பர், பழைய பேட், ஒரு டிஸ்க். புதுப்பேட்டை சந்து முழுக்கக் காயலான் கடைகள். தனசேகர் ஒரு பாய் கடையில் பையைக் கவிழ்த்தான். பாய் எண்ணெய் துடைத்து, காலிப்பர் வார்ப்பில் இருந்த நம்பரைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது உன் வண்டியோட முன்பக்கமே இல்ல நைனா. அடுத்த மாடலுது. எவனோ எங்கியோ மோதி, முன் ஆக்ஸிலயே மொத்தமா மாத்தியிருக்கான்."

வண்டியை எனக்கு விற்றவர் மோதியதைச் சொல்லவே இல்லை. நான் ஆர்.சி. புக்கைத் தூக்கிக்கொண்டு ஆறு தடவை கடை ஏறியது, இல்லாத ஒரு வண்டிக்கு. புதன்கிழமையே அந்த அழுக்குத் தகட்டை எடுத்துப் போயிருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன்.

புது பேட் அங்கே இல்லை. பாய் சொன்ன கடையில் அந்த மாடலுக்கு மூன்று விதம் இருந்தது. இந்த முறை பெட்டியைப் பிரிக்காமல் வாங்கமாட்டோம் என்று தனசேகர் கண்டிப்பாகச் சொன்னான். ஒவ்வொன்றாகக் காலிப்பரில் வைத்தான். ஒன்று இடித்தது. ஒன்று உட்கார்ந்தது, ஆனால் லேசான ஆட்டம். ஒரிஜினல் விரலால் தள்ளியதும் போய்ப் படிந்து நின்றது. என்னைப் பார்த்தான். தலையாட்டினேன்.

டிஸ்க் இடப்பக்கம் மட்டும் போதுமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

கடைக்காரர், "ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போடுவீங்களா சார்?"

இரண்டும் வாங்கினோம்.

ஜூலை 15, செவ்வாய்

லாசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டினான். சீல் மாற்றி, ஆயில் ஊற்றி, பிரேக் குழாயில் இருந்த காற்றை வெளியே எடுத்தான். தனசேகர் மிதிக்க, லாசர் கீழே படுத்துத் திருக, நான் ஆயில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு. லாசர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் வழி பண்ணு என்று கேட்டது நான்தானே.

பெசன்ட் நகர் பக்கம் காலி ரோட்டில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். இருபதில், முப்பதில், நாற்பதில். நேராக நிற்கிறது. தனசேகர் இன்னும் இரண்டு நாளைக்கு மெதுவாகத்தான் போவானாம், பேட் படியணுமாம்.

வசந்தாவுக்கு இருமல் குறையவில்லை. வேறு மருந்து கேட்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

மேகமூட்டம். மாமா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஏழு மணிக்கே கிளம்பினோம். எட்டே காலுக்குக் கச்சேரி ரோடு. தனசேகர் சிலிண்டரை இறக்கப் போனான். இரு, முதலில் நான் மேலே போய் வருகிறேன் என்றேன்.

மாமா கட்டில் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள். புதிது. வேறு ஆளுடையவை. மாமா கையைத் தூக்கினார், பேச வரவில்லை. சிரித்தார்.

மாமி வாசல் வரை கூடவே வந்தார்.

"உங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. ஏழு மாசம் ஒரு நாள் தவறினதில்லை. ஆனா அன்னிக்கு பால்கனில நின்னுண்டு ஒவ்வொரு வண்டியா பார்த்தேன் பாருங்கோ... இன்னொரு தரம் என்னால அப்படி நிக்க முடியாது."

எங்கள் காலி சிலிண்டரைச் சுவரோரம் துடைத்து வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி இறங்கினேன்.

தனசேகர் கீழேயிருந்து வந்து ஒரு பக்கம் பிடித்தான்.

"ரொம்பினத மேல ஏத்தட்டா சார்?"

"வேணாம். வேற இடத்துல சொல்லிட்டாங்க. இனிமே நாம இங்க வர வேண்டாம்."

சிலிண்டரை வண்டியில் ஏற்றிக் கட்டினான். கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

"ஏறு சார். அடையாறுல ரெண்டு வூடு கீது. பத்து மணிக்குள்ள குடுக்கணும்."