வாடைப் புலவர் என்று ஒருவர் இல்லை, மச்சான்

என் பிரியமான சூசை மச்சானுக்கு,

நீ கண்மூடியபின் இது மூன்றாவது தவக்காலம். தங்கச்சி பிலோமி நன்றாக இருக்கிறாள், முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போகிறது. நீ இருந்திருந்தால் முதல் நாளே ஏறியிருப்பாய், பயந்து நிற்கும் என்னையும் கையைப் பிடித்து ஏற்றியிருப்பாய். இதையெல்லாம் முதலில் எழுதுவது சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான். என்னைத் தெரியாதா உனக்கு?

விஷயம் இதுதான். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகத் தங்கச்சிமடம் கரையில் ஒரு நினைவுக்கல் வைக்கிறார்கள். பெயர்களுக்கு மேலே வெட்ட ஒரு பாட்டைத் தேர்ந்திருக்கிறார்கள். நீ லத்தீனிலிருந்து தமிழாக்கிய பாட்டு. ஆனால் அதன் கீழே உன் பெயர் இல்லை. 'வாடைப் புலவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் வாழ்ந்தவர்' என்று வெட்டப் போகிறார்கள்.

உன்னிடம் படித்த யாரோ ஒரு துக்க வீட்டில் அதைப் பாடியிருக்கிறார்கள். அங்கிருந்து வீடு வீடாகப் போயிருக்கிறது, பிறகு வாட்ஸப்பில். போகிற வழியில் உன் பெயர் உதிர்ந்துவிட்டது. பெயரில்லாத பாட்டை யாருக்கும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு சொல்லைப் பிடித்து, புலவருக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். அது சங்ககாலம் தொட்டே நமக்குப் பழைய வழக்கம்தானே.

'வாடை' என்ற அந்தச் சொல்கூட உன்னுடையது இல்லை, பிலோமியுடையது. ஞாபகம் இருக்கிறதா? 'தென்காற்றே, என் தம்பியைத் திருப்பித் தா' என்று நீ முதலில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினாய். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்தே வந்துவிட்டாள்.

"தென்காத்தா? ஏங்க, தென்றல் எந்த ஊர்லங்க வள்ளத்தக் கவுத்துச்சு? அது கட்டில்ல படுத்துக் கெடக்கவனுக்கு விசிறி விடுற காத்து."

"ரோமாபுரியில அதுதாண்டி புயக்காத்து."

"அப்ப ரோமாபுரிக்காரனுக்கே பாடுங்க. எங்க வடகடல்ல வாடையில போனவன்தான் திரும்ப மாட்டான். இல்லையா அண்ணே, நீ சொல்லு."

நான் வழக்கம்போல உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினாய். உப்பூர்க் கரையில் பிறந்த ஒருத்தி சொன்னதற்காக, ரோமாபுரியின் தென்காற்று அன்றைக்கு வாடையாகத் திரும்பியது. அதற்குப் பிறகு அது லத்தீன் என்று யாருக்குமே தோன்றவில்லை.

குருமடத்தில் நாம் அதைப் படித்தபோது அதற்கும் ஒரு பெரிய பெயர் இருந்தது. ரோமாபுரியின் மகாகவி இளவயதில் எழுதியது என்று லத்தீன் சொல்லிக்கொடுத்த சாமி மனப்பாடம் செய்யவைத்தார். நாம் இருவரும் அங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, நீ வாத்தியாராகி, நான் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்த மகாகவியின் நூலுக்குப் புதிய பதிப்பு கையில் கிடைத்தது. பாட்டு கடைசிப் பக்கங்களுக்குப் போயிருந்தது. 'அவருடையவை என்று தவறாகக் கருதப்பட்டவை' என்ற தலைப்பின்கீழ்.

பழைய உரைகாரர் அந்தக் காற்று வரியை இளமேதையின் துணிச்சல் என்று எழுதியிருந்தார். புதிய உரைகாரர் அதே வரியை ஒரு போலியின் தடுமாற்றம் என்றார். உனக்கு வந்த கோபம்! "வரி மாறலையேடா, மேல இருந்த பேருதானே மாறுச்சு" என்று என் நூலகத்தில் நின்று கத்தினாய். படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கூனிக்குறுகிப் போனேன்.

அன்று நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பொய்ப் பெயர் இல்லாதிருந்தால் பாட்டு நம் கைக்கே வந்திருக்காது. மகாகவியுடையது என்று நம்பித்தானே அத்தனை நூற்றாண்டுகளாக மடங்களில் உட்கார்ந்து கைவலிக்கப் படியெடுத்தார்கள்? பொய்தான் அதைக் காப்பாற்றியது. உண்மை தெரிந்ததும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார்கள். இப்போது நான் உண்மையைச் சொன்னால் இங்கேயும் அதுதானே நடக்கும்?

நடந்தும்விட்டது, பாதி. பங்குச்சாமி இளைஞர், நல்லவர். பழசு தெரிந்தவன் என்று என்னிடம் இரண்டு வரி முன்னுரை கேட்டார். நினைவுக்கல் கமிட்டிக் கூட்டத்தில் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், "இது ஒருவேளை நம்ம சூசை வாத்தியாரோட பாட்டா இருந்தா..." என்று. கமிட்டித் தலைவர், விசைப்படகு வைத்திருப்பவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆரு, நம்ம வாத்தியாரா? 'ங' எழுத வரலன்னு எங்காதத் திருகுனாரே, அவரா? நல்ல மனுசன் சார், இல்லங்கல. ஆனா கல்லுல வெட்டுறதுன்னா ஆளு கொஞ்சம் பெருசா வேணாமா? வாத்தியார் பாட்டுன்னா சொல்லிருங்க, வேற பாத்துருவோம்."

"ஒருவேளைன்னுதான் சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிலோமிக்குச் செய்தி எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. "ஒருவேளையா? எம் புருசன் ஒருவேளையா அண்ணே?" என்றாள். அவளுக்கு உன் பெயர் கல்லில் வரவேண்டும். அது நியாயம். ஆனால் உன் பெயரை மட்டும் வெட்டினால், அதுவும் ஒரு வாடைப் புலவர்தானே? மூலத்தை எழுதியவன் வேறு ஒருவன். இன்னார் என்று தெரியாது, அவ்வளவுதான். நூலாசிரியர் பெயரின்படி அட்டை எழுதியே முடி நரைத்தவனுக்கு இதைக் கண்டுகொள்ளாமல் விட முடியவில்லை.

எனக்குப் பெரிய பயம் ஜெசிந்தாவை நினைத்துத்தான். உனக்குத் தெரிந்த பிள்ளை. போன வாடையில் அவள் வீட்டுக்காரன் போன வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. கல்லுக்கு அந்தப் பாட்டுதான் வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். என் வாயால் அது போய்விட்டால்? நேற்று அவள் வீட்டுக்கே போனேன். கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். புலவர் இல்லை, தமிழ் சூசையுடையது, மூலம் தூரதேசத்தில் பேர் தெரியாத ஒருவனுடையது என்று.

கை நின்றது. "அப்ப அவரு தம்பி கடல்ல போனதும் பொய்யா சார்?"

"தெரியலம்மா. பாட்டுல இருக்கிறதுதான் தெரியும்."

"பாட்டுல அந்தத் தம்பி திரும்பி வந்தானா?"

"அதுக்கு முன்னாலயே பாட்டு முடிஞ்சிருது."

"அப்ப சரி" என்றாள். மறுபடி கருவாட்டைப் புரட்டத் தொடங்கினாள். எது சரி, மச்சான்? சொன்னது சரியா, பாட்டு சரியா? திரும்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீடு வரைக்கும் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் ஓயவில்லை.

காலையில் பங்குச்சாமியிடம் போய் முழுதும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கமிட்டியில நீங்களே சொல்லுங்க, ஐயா. முடிவு அவங்க எடுக்கட்டும்" என்றார். நான் சொல்கிறேன் என்றதற்குப் பிலோமி, "நீயா?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறாள்.

அவர்கள் வேறு பாட்டு எடுத்தாலும் எடுக்கலாம். தலைவர் மறுபடி சிரிக்கலாம். ஆனாலும் எழுந்து நிற்பேன். தமிழ் செய்தவர் சூசை வாத்தியார் என்பேன். காற்றைத் திருப்பியவள் அவர் மனைவி என்பேன். அதற்கு அடுத்ததை எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது வீட்டுக்குள் நடந்து நடந்து பழகிக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் பெயர் தெரியவில்லை என்று சொல்லும் இடத்தில் என் குரல் இறங்காது, மச்சான். மன்னிப்புக் கேட்பதுபோல் அதை நான் சொல்லமாட்டேன்.

உன் பிலோமிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
செபஸ்தியான்