லயத்துச் சாவியைக் கொடுக்கவில்லை, அக்கா

என்னைத் தூக்கி வளர்த்த மரியபுஷ்பம் அக்காவுக்கு,

நீ போன இடத்தில் குளிர் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே தேயிலைத் தோட்டத்தில், கம்பெனி கொடுத்த நம் லயத்து வீட்டுக் கூரையில் பாதி தார்ப்பாய்தான். ஓடு மாற்றச் சொல்லி நான் கத்திய கத்தலில் மலையே அதிர்ந்தது. கம்பெனி மட்டும் அசையவில்லை.

உன் அடக்கத்துக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். சரி, முந்நூறு. சவப்பெட்டிக்குக் கம்பெனி பலகை கொடுத்தது. உன் சம்பளத்தில் மாசாமாசம் பிஎஃப் என்று பிடித்தார்களே, அதைக் கட்டவேண்டிய இடத்தில் கட்டாதவர்கள், பலகையை மட்டும் சொன்ன நேரத்துக்கு இறக்கினார்கள்.

ரிட்டயர் ஆகி நீ பென்ஷன் கேட்டுப் போனபோதுதானே, உன் பேரில் வருஷக்கணக்காக ஒன்றும் வந்து சேரவில்லை என்று தெரிந்தது? "வீட்டைக் காலி பண்ணு, கணக்கை முடிக்கிறோம்" என்றது கம்பெனி. "கணக்கை முடி, காலி பண்ணுதேன்" என்றாய் நீ. அந்த இழுபறியிலேயே உன் மூச்சும் போய்விட்டது. எதிர்வீட்டு ரோசாக்கா அவர்களை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சங்கரன்கோவில் போனாள். இன்றுவரை அவளுக்குக் காசு வரவில்லை.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றான்.

"மாசக் கடைசிக்குள்ள வீட்டு ஆள் ஒருத்தர் வேலைக்குப் பேரு குடுக்கணும். இல்லன்னா சாவி வேணும். தோட்டத்து வழக்கம், உமக்குத் தெரியாததா?"

"வழக்கம் பேசுதீரோ? பிடிச்ச காசைக் கட்டாம இருக்கது எந்த ஊரு வழக்கம்வே?" என்றேன். ஆள் நடுங்கிப்போனான். குளிரில் நடுங்கினான் என்கிறாள் உன் மகள் ஜெசிந்தா.

அவள் கஞ்சிக்கோடு பேக்டரியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். அங்கே பிடிக்கிற பணம் சரியாகச் சேர்ந்துவிட்டதென்று மாசாமாசம் அவள் போனுக்கு மெசேஜ் வருகிறது. கண்ணாடி போட்டு நானே பார்த்தேன். அப்படிப்பட்டவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "நான் வேலைய விட்டுட்டு வந்து பேரு குடுக்கேன் மாமா. இந்த வீட்டையும் விட்டுட்டா, அம்மா காசை எதைப் பிடிச்சுக்கிட்டு கேக்கது?"

நான் வெளியே போய், வாடகைக்கு ஓட்டுகிற என் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் ஜெசிந்தாவை வெளியே நிறுத்திவிட்டு மேனேஜரிடம் போனேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஏழாம் வகுப்பை வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் படிப்பை வைத்து ஒரு மணி நேரம் சட்டம் பேசினேன். ஹைகோர்ட்டில் எனக்கு ஆள் உண்டு என்றேன். பொய்யில்லை, கோர்ட் கேண்டீனுக்கு ஒரு தடவை என் ஜீப்பில் வாழைக்காய் இறக்கியிருக்கிறேன்.

மலையாளத்துக்காரரான மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பிஎஃப் கேஸு நடக்குன்னுண்டு சேட்டா. அது தீரட்டே. இப்ப பேரா, சாவியா?"

சாவியைக் கொடுத்தால் உன் பணம் மண். பேரைக் கொடுத்தால் உன் மகள் மண். வேறு வழி இருக்கிறதா என்று நான் சுவரையெல்லாம் பார்த்தேன். சுவரில் தேயிலைப் படம்தான் இருந்தது.

"என் பேரை எழுதும். நானும் அந்த வீட்டு ஆள்தான்" என்றேன்.

"பிஎஃப் பிடிக்கும். அறியாமல்லோ?" தெரியும்தானே என்கிறார்.

"பிடியும்."

வெளியே வந்ததும் ஜெசிந்தா என் சட்டையைப் பிடித்தாள். "எதுக்கு மாமா இப்படிப் பண்ணுனீங்க? கொழுந்துக்கும் முத்திப்போன கரட்டிலைக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"கொழுந்துதாம்ட்டி என்னைத் தெரிஞ்சு வச்சுக்கிடணும்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். அன்று மத்தியானப் பஸ்ஸில் அவளைப் பலவந்தமாக ஏற்றிவிட்டேன்.

ஜீப்பை விற்றாயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லாரோடும் வரிசையில் நின்று என் பேருக்குக் குரல் கொடுக்கிறேன். தேயிலைக்கு மருந்தடிக்க விட்டிருக்கிறார்கள். என் வேகத்தைப் பார்க்க அடுத்த டிவிஷனிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ராத்திரி முதுகு நிமிர மாட்டேன் என்கிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை. முதல் சம்பளத்திலேயே பிஎஃப் பிடித்துவிட்டார்கள். என் போனுக்கு மெசேஜ் எதுவும் வரவில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது அக்கா? அங்கிருந்து பார்த்தால் தெரிகிறதா?

உன் காசை வாங்கிக் காட்டுவேன் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சத்தியம் செய்ய வாய் வரவில்லை. நான் நிற்கிற வரைக்கும் ஜெசிந்தா பேரை இந்தக் களத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். இதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் கூடப்பிறந்தவன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
சவரிமுத்து