உள்ளங்கை கொள்ளும் சோகி

உன் பேணி இன்று காலை என் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. தட்டியவர் உன் பப்பா. ஒரு கடதாசி உறையைப் பிரித்து மேசையில் விரிக்கப் போனவரின் முழங்கை பட்டது. பழைய பால்மாத் தகரப் பேணிதானே, ஒரு பக்கம் நெளிந்ததோடு சரி. ஆனால் உள்ளேயிருந்த சோகிகள், கடலோரத்து வெள்ளைச் சோழிகள், சீமெந்துத் தரையில் நாலா பக்கமும் சிதறி ஓடின. அந்தச் சலசலப்பைக் கேட்டதும் நீ பக்கத்துக் கதிரையில் இருப்பதுபோல் எனக்கு ஆகிவிட்டது. திரும்பிக்கூடப் பார்த்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் பார்த்தேன்.

அவர் வந்தது உன் விசயமாக. கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு இன்னும் உன் பெயரிலேயே இருக்கிறது. அவருக்கோ வயதாகிவிட்டது. கண்ணை மூடுமுன் வீட்டு உறுதியை உன் மாமி மகளின் பெயருக்கு மாற்றிவிட நினைக்கிறார். அதற்கு, நீ இறந்துவிட்டாய் என்று ஒரு தாளில் அவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஆள் காணாமல் போய்விட்டார் என்று மட்டும் சொல்கிற வேறொரு தாளும் உண்டாம். அதற்கு அலைச்சல் அதிகம், காலமும் எடுக்கும் என்று அரசாங்கக் கந்தோரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"நீ சொல்லு புள்ள. இதுல வைக்கவா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குனிந்து சோகி பொறுக்கத் தொடங்கினேன். பொறுக்கப் பொறுக்க நீ வந்துகொண்டே இருந்தாய்.

அந்தச் சோகிகளை நீ முதன்முதல் நம் வேலைக் கந்தோருக்குக் கொண்டுவந்த நாளில் அவற்றைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், அந்தச் சுனாமி நாளில், கடல் வந்து உங்கள் தெருவை வழித்துக்கொண்டு போயிருந்தது. உன் அம்மா கிடைத்தார், அடக்கம் செய்தோம். நத்தாருக்கு எடுத்த புதுச் சேட்டோடு வெளியே போன உன் தம்பி கிடைக்கவில்லை. வீட்டு நிலம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன்மேல் கிடந்த சோகிகளைப் பொறுக்கி, அகதி முகாமில் யாரோ தந்த வெறும் பேணியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். "எங்கட வீட்டுக்குள்ள கடல் வச்சிட்டுப் போனது. எறிய மனம் வரல்ல கா" என்றாய். நான் பேணியை என் பக்கத்திலிருந்து உன் பக்கம் மெதுவாகத் தள்ளிவைத்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகக் கணினி படித்தவர்கள். நான் கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவியைக் கடந்து வருகிறவள், நீ பட்டினத்துப் பறங்கி வீட்டுப் பெண். என் காலில் வயல் சேறு இருக்கிறதா என்று நீ தினமும் குனிந்து பார்ப்பாய். உன் நீண்ட குடும்பப் பெயரை நான் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வேன். படிப்பு முடிந்து ஆளுக்கொரு கடையில் பில் போடுகிற கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்த நமக்கு, கடல் வந்த பிறகு கிடைத்த வேலை வேறு. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் முகாமாகியிருந்தது. தேடுகிறவர்கள் ஒரு முகாமில், தேடப்படுகிறவர்கள் இன்னொன்றில். முகாம்களிலிருந்து வரும் பெயர்களையும் தேடி வருகிறவர்கள் சொல்லும் விவரங்களையும் பொருத்திப் பார்த்து, உங்கள் ஆள் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று சொல்கிற நிரலை நீ எழுதினாய். முகப்புத் திரையும் தரவுக் கிடங்கும் என் பொறுப்பு. நிரலில் ஆளைத் தேடுகிற பகுதி, அந்த ஃபங்ஷன், உன்னுடையது. அதில் கை வைக்க நீ யாரையும் விடவில்லை.

அது வளர்ந்தது. தேடி வருகிற ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள், ஒவ்வொரு கதைக்கும் நீ ஒரு கிளை வைத்தாய். பெயர் பொருந்தாவிட்டால் வீட்டில் கூப்பிடும் பெயரைப் பார். அதுவும் இல்லையென்றால் வயதைப் பார். வயது முன்பின்னாக இருந்தால் தழும்பைப் பார். தழும்பு பற்றி யாரும் எழுதாவிட்டால் படித்த பள்ளிக்கூடத்தைப் பார். எங்களுக்கு முன்னெழுத்து தகப்பனுடையது, கலியாணம் கட்டினால் பெண்ணுக்குப் புருசனுடையது என்று நான் சொன்னபோது நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "உங்கட ஆக்களுக்கு ஒரு பேரை ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதா?" என்று பகிடி பண்ணிவிட்டு, பெண் என்றால் முன்னெழுத்தைப் பொருட்படுத்தாதே என்று இன்னொரு கிளையை எங்கோ ஆழத்தில் செருகினாய்.

அந்தக் கிளை கிடந்த இடம்தான் பிழை. கலியாணம் கட்டிய பெண்களுக்காக எழுதியது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் சேர்த்து விழுங்கியது. கல்குடாவிலிருந்து வந்த ஒரு தாயிடம், உங்கள் மகள் இன்ன முகாமில் இருக்கிறாள் என்று நாம் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினோம். அவர் திரும்பி வந்து வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, ஏசவில்லை.

"அது என்ட புள்ள இல்ல மகள்" என்றார். "அந்தப் புள்ளையும் என்னக் கண்டு ஏமாந்து போச்சு."

அன்று பின்னேரம் உன் ஃபங்ஷனை அச்செடுத்து நிலத்தில் விரித்தோம். பாய் மாதிரி நீண்டது. வாசி என்றேன். நீ வாசிக்கத் தொடங்கி, பாதியில் எந்தக் கிளைக்குள் நிற்கிறாய் என்று தெரியாமல் முதலிலிருந்து வாசித்தாய். பிறகும் முதலிலிருந்து. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எழுதினத உனக்கே வாசிக்க ஏலாட்டி மிசினுக்கு என்ன விளங்கும்?"

"மிசினுக்கு விளங்குது கா. எனக்குத்தான் விளங்குதில்ல" என்றாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ எழுந்துபோய்ப் பேணியை எடுத்து வந்தாய்.

நிரலின் சிக்கலை அளந்து எண்ணாகச் சொல்கிற கருவிகள் இன்று எத்தனையோ இருக்கின்றன. ஒரு பொத்தானை அமுக்கினால் எந்தப் பகுதி வாசிக்க முடியாதது என்று சிவப்பில் காட்டும். அன்று நம்மிடம் இருந்தது சோகி. வழி இரண்டாகப் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று வைப்பது என்று தொடங்கினோம். அது போதாது என்று நீதான் சொன்னாய். கிளைக்குள்ளே ஒரு கிளை என்றால் இரண்டு வை, அதற்கும் உள்ளே என்றால் மூன்று வை, உள்ளே போகப் போகத்தானே மூச்சு முட்டுகிறது என்றாய். வைத்து முடித்துப் பார்த்தபோது அச்சுத்தாளில் எழுத்து தெரியவில்லை. வெள்ளையாகச் சோகி மட்டும் கிடந்தது.

"எங்கட வீட்டு நிலம் போல கிடக்கு" என்றாய்.

அதன்பிறகுதான் ஒவ்வொரு வழியாக விரல் வைத்துப் போய்ப் பார்த்தோம். எந்தக் கிளையில் புகுந்தாலும், எத்தனை கேள்விக்கு இல்லை இல்லை என்று பதில் வந்தாலும், வழி சுற்றிவந்து முடிகிற இடம் ஒன்றே: கிட்டத்தட்டப் பொருந்துகிற ஆளைக் கொடு. ஆள் இல்லை என்று சொல்லி நிற்கிற வழி ஒன்றுகூட அதில் இல்லை. மறந்துவிட்டாயா என்று கேட்டேன். நீ என்னைப் பார்க்காமல் சோகிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அப்பிடி ஒரு வரி எழுதினா, தம்பிக்கும் அதுதானே வரும்."

நிரலில் சிக்கல் எப்படி வருகிறது என்று பாடம் எடுத்தவர்கள் பல காரணம் சொல்லித்தந்தார்கள். ஒருத்தி தன் தம்பியை விட மனமில்லாமல் கேள்விக்குமேல் கேள்வியாக அடுக்கிக்கொண்டு போவாள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பிரித்து எழுதத் தொடங்கினோம். ஒரு ஃபங்ஷனில் விழுகிற சோகி ஓர் உள்ளங்கையில் அடங்க வேண்டும், வழிந்தால் பிரி. இது நம் சட்டம். உடனே பதில் சொல்லக்கூடியவற்றை வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவது, ஒரு கேள்விக்கு ஒரு சிறு ஃபங்ஷன், அதற்கு அது செய்கிற வேலையே பெயர். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லாகவே பெயர் வைத்தாய். பெரிய வட்டையில் எல்லா வயலுக்கும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சப் பார்த்தால் வரம்புதான் உடையும் என்று என் அப்பா சொல்வதை நான் சொல்ல, "உங்கட அப்பாவையும் வேலைக்கு எடுப்பம்" என்றாய்.

எடுத்தது உன் பப்பாவைத்தான். அவர் முகாமுக்குக் கதவு இழைத்துக்கொண்டிருப்பார், நீ மரத்தூளுக்குள் நின்று வாசிப்பாய். கணினி என்றால் என்னவென்று தெரியாத மனிதர், சீவுளியை நிறுத்தாமல் "மறுகா?" என்பார். பிறகு என்ன, பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டே வருவார். சீவுளி நின்றால் விளங்கவில்லை என்று அர்த்தம். "இந்த இடம் சிக்குது புள்ள." நீ அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு கந்தோருக்குத் திரும்புவாய்.

கடைசி வரி மிஞ்சியது. கந்தோரில் நமக்கு மேலே இருந்தவர், தேடியும் கிடைக்காதவர்களை 'இறந்தவர்' என்று காட்டினால் கணக்கு முடியும் என்றார். நான்கூட அதுதான் சுருக்கம் என்று நினைத்தேன். நீ அவர் முகத்துக்கு நேரே சொன்னாய்: "தெரிஞ்சத மட்டும் எழுதுவம் சேர். தேடினம், கிடைக்கல்ல. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்." பிறகு உட்கார்ந்து, 'இதுவரை கிடைக்கவில்லை' என்று தட்டினாய். இதுவரை என்பது எதற்கு என்று கேட்டேன். "ஒரு சொல்லுக் கூடினதால ஒரு சோகியும் கூட வராது கா."

பரிசோதனைக்கு முதல் பெயராக உன் தம்பியின் பெயரைக் கொடுத்தாய். உண்மையான பெயரை உண்மையான தரவில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். எதிர்பார்க்கும் விடை: இதுவரை கிடைக்கவில்லை. வந்த விடை: இதுவரை கிடைக்கவில்லை. பரிசோதனை சரி என்று பச்சை விழுந்தது. நீ திரையைத் தொட்டாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கல்குடாத் தாய் மீண்டும் வந்தபோது அந்த வரியை நீயே அவரிடம் சொன்னாய். "இத நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, அந்த முகாம் பிள்ளைக்கு யாராவது வந்தார்களா என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு சண்டை எங்கள் பக்கத்துக்கு வந்தது. வெல்லாவெளிச் சனமும் எங்கள் ஊர்ச் சனமும் வாவியைக் கடந்து ஓடிவந்தார்கள். என் அப்பாவையே நம் நிரலில் தேடிப்பிடித்தேன். அன்று நிரலை இயக்கியவள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவள் அதை ஒருமுறை வாசித்துவிட்டு, நம்மிடம் ஒரு சந்தேகமும் கேட்காமல் வேலையைத் தொடங்கினாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அதைவிடப் பெரிய பாராட்டு நமக்கு யாரும் தரவில்லை.

போர் முடிந்த வருடம் வன்னிச் சனம் முகாம்களுக்கு வந்தபோது, நீ வவுனியாவுக்குப் போனாய். போகாதே என்று நான் சொன்னேன், பப்பா சொன்னார். "தேடுற ஆக்கள் இஞ்சயவிட அங்கதான் கூட" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒருநாள் தொலைபேசியில், "நம்மட வேலை தாங்குது கா. நாளைக்கு வாறன்" என்றாய். நீ பஸ் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை.

பப்பாவும் நானும் கேட்காத இடம் இல்லை. கேட்டு முடிந்த பிறகு என் தலைக்குள் கேள்வி தொடங்கியது. முந்தின பஸ்ஸில் ஏறியிருந்தால். ஏறியிருந்தும் வழியில் இறங்கியிருந்தால். இறங்கி, யாரோ தெரிந்தவரைக் கண்டு, அவரோடு போயிருந்தால். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முடிவு வைத்திருக்கிறேன், எல்லா முடிவிலும் நீ வாசலில் நிற்கிறாய். இத்தனை வருடமாக உன் பழைய ஃபங்ஷனைத்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோகி வைத்தால் வாவி கொள்ளாது.

இன்று சோகிகளை அள்ளி எழுந்தபோது பப்பா இன்னும் பேனாவைத் திறந்தபடியே இருந்தார். மை காய்ந்திருக்கும்.

"அங்கிள், ஒண்டு வாசிக்கிறன், கேளுங்க" என்றேன். வெள்ளம் வருகிற வருடமெல்லாம் இன்றும் இந்த நிரல்தான் ஓடுகிறது. உன் ஃபங்ஷனைத் திறந்து, அன்று நீ வாசித்த மாதிரியே வாசித்தேன். "பெயர் பொருந்தாட்டி அடுத்த ஆளப் பாரு."

"மறுகா?"

"வயசு பொருந்தாட்டி அடுத்த ஆளப் பாரு."

"மறுகா?"

"தெரிஞ்ச ஒராள் அடையாளம் சொன்னா, இவர்தான் எண்டு சொல்லு."

"ம்."

"எல்லாரையும் பாத்து முடிஞ்சா, இதுவரை கிடைக்கவில்லை எண்டு சொல்லு. இது கடைசி வரி அங்கிள். இத அவதான் எழுதினா."

அவர் கை அசையவில்லை. எங்கோ சிக்கிவிட்டதோ என்று நினைத்தேன். "தம்பிய நினைச்சுத்தான் எழுதினாளா?" என்று கேட்டார்.

"ஓம் அங்கிள்."

பேனாவை மூடினார். தாளை வந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். "தன்ட தம்பிக்கு அவள் எழுதாதத அவளுக்கு நான் எழுத ஏலா" என்றார். "மத்தத் தாளுக்கு எங்க போகோணும்? நீயும் வாறியா?"

நாளை காலை இரண்டு பேரும் போகிறோம். அலைச்சல்தான். அலைவோம்.

அவர் போன பிறகு, அலமாரிக்குக் கீழே ஓடியிருந்த கடைசிச் சோகியையும் எடுத்துப் பேணியில் போட்டேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நிரலில் எந்தச் சின்ன மாற்றம் செய்தாலும், மற்றப் பரிசோதனைகளுக்கெல்லாம் முன்பு இரண்டு பெயர்கள் ஓடுகின்றன. முதல் பெயர் உன் தம்பியுடையது. இரண்டாவது உன்னுடையது, நீ அந்தப் பஸ் ஏறிய வருடம் நான் சேர்த்தது. இரண்டுக்கும் எதிர்பார்க்கும் விடை, இதுவரை கிடைக்கவில்லை என்பதுதான். புதிதாக ஒரு முகாமில், ஓர் ஆசுபத்திரியில், எங்காவது ஒரு பதிவில் அந்தப் பெயர் வந்திருந்தால் பரிசோதனை தோற்று, திரை சிவப்பாகும். பரிசோதனை எல்லாம் சரியாக வர வேண்டும் என்று நேர்த்தி வைக்கிற தொழில் இது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, சிவப்பு வரவேண்டும், சிவப்பு வரவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

இன்றும் பச்சைதான் விழுந்தது.